மயக்க மருந்து மூளையில் என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபரேஷனுக்கு முதல் நாள் நோயாளியைப் பார்க்கப் போனால், கத்தியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. "டாக்டர், மயக்கம் தெளிஞ்சிடும் இல்ல?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நான் மயக்க மருத்துவர். வார்டில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் பதில்களையே இங்கே கொஞ்சம் சாவகாசமாகச் சொல்லியிருக்கிறேன்.

மயக்கம் என்பது ஆழ்ந்த தூக்கம்தானே?

இல்லை. "இப்ப தூங்கிடுவீங்க" என்று நாங்களே சொல்கிறோம், உண்மைதான். பயப்படாமல் இருப்பதற்காகச் சொல்லும் சின்னப் பொய் அது. தூங்குகிறவரைக் கிள்ளினால் எழுந்துகொள்வார். வயிற்றைத் திறந்தும் எழாத நிலைக்குத் தூக்கம் என்று எப்படிப் பேர் வைப்பது?

மூளையின் மின்னலைகளைத் திரையில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஏறி இறங்கும். கனவுத் தூக்கம் வரும், போகும். மயக்கத்தில் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. மருந்து எந்த ஆழத்தில் பிடித்து வைத்திருக்கிறதோ அங்கேயே மூளை நிற்கும். அளவு மேலும் கூடினால் திரையில் சில விநாடிகள் வெறும் நேர்க்கோடு ஓடும், திடீரென்று ஒரு கொத்து அலை வரும், மறுபடி நேர்க்கோடு. ஆரோக்கியமானவரின் எந்தத் தூக்கத்திலும் இப்படி ஒரு காட்சி வராது. கோமாவில் இருப்பவர்களிடம் பார்க்கலாம்.

இன்னொன்று, நேரம். தூங்கி எழுந்தவருக்கு மணி பார்க்காமலே ஓரளவு தெரியும், நேரம் போயிருக்கிறது என்று. மயக்கம் தெளிந்தவரோ, "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பார். தையல் போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

அப்படியானால் மயக்கம் என்றால் சரியாக என்ன?

இந்தக் குழப்பத்துக்கு நம் சொல்லும் ஒரு காரணம். பசி மயக்கம், உண்ட மயக்கம், வெயிலில் மயங்கி விழுவது, ஒருத்தர் மேல் மயக்கம், மயக்க ஊசி என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் சமாளித்துவிடுகிறோம். ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பது ஒரு தனி நிலையே இல்லை. நான்கு வேறு வேறு விஷயங்களை ஒரே நேரத்தில் வரவழைக்கிறோம்: சுயநினைவு போக வேண்டும், நடப்பது நினைவில் பதியக் கூடாது, வலி உடம்பை உலுக்கக் கூடாது, நோயாளி அசையக் கூடாது. வழக்கமாக நான்கும் சேர்ந்தே இருப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியும், ஒன்று இருந்து இன்னொன்று இல்லாமலும் போகும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு இதுதான் சாவி.

பிரிக்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். கத்தி பட்டும் அசையாமல் இருப்பது மூளை அடங்கியதால்தான் என்று வெகுநாள் நம்பியிருந்தார்கள். 1993-ல் ஆடுகளில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஐசோஃப்ளூரேன் என்ற வாயு மருந்து தலைக்கு மட்டும் போகும்படி ரத்த ஓட்டத்தைப் பிரித்துப் பார்த்தபோது, ஆடு அசையாமல் இருக்க வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் தேவைப்பட்டது. அசைவின்மை பெரும்பாலும் தண்டுவடத்தில்தான் உண்டாகிறது என்று அப்போது தெரிந்தது. மூளைக்கு அதில் பங்கு கொஞ்சம்தான்.

மருந்து மூளையில் எதைப் பிடிக்கிறது?

முக்கியமாக ஒரு கதவை. அதன் பெயர் காபா-ஏ ஏற்பி. நரம்புச் செல்லின் சவ்வில் ஐந்து புரதத் துண்டுகள் ஒரு பூவின் இதழ்களைப் போல வட்டமாக நிற்கும். நடுவில் ஒரு துளை. மூளையே சுரக்கும் காபா என்ற வேதிப்பொருள் வந்து இதழ்களின் இடுக்கில் உட்கார்ந்தால் துளை திறக்கும், குளோரைடு அயனிகள் உள்ளே பாயும், செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின் ஆகும். அப்புறம் அந்தச் செல்லை உசுப்புவது கடினம். மூளையின் சொந்த பிரேக் இது. எந்நேரமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. நம் மருந்துகள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே இருக்கும் பிரேக்கை அழுத்துகின்றன.

அழுத்தும் விதத்தில்தான் வித்தியாசம். பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவழைக்கும் டயசிபாம், மிடசோலம் வகை மருந்துகள் வேறொரு இடுக்கில் உட்காரும். அவற்றால் தாமாகக் கதவைத் திறக்க முடியாது. காபா வந்து தட்டும்போது கதவு வழக்கத்தைவிட அடிக்கடி திறக்கும், அவ்வளவுதான். பார்பிட்டுரேட் வகை மருந்துகள் திறந்த கதவை நெடுநேரம் மூடவிடாது. அளவு மிஞ்சினால் காபா வராமலே திறந்துவிடும். பழைய பார்பிட்டுரேட் தூக்க மாத்திரைகள் அத்தனை உயிர்களை எடுத்ததற்கும், டயசிபாம் மட்டும் தனியாக உயிரை எடுப்பது அரிதாக இருப்பதற்கும் இந்தச் சின்ன வித்தியாசம்தான் காரணம். தனியாக என்ற சொல்லைக் கவனியுங்கள். மதுவும் சேர்ந்தால் கதை வேறு.

நரம்பில் ஊசியாகப் போடும் மயக்க மருந்துகளான புரோபோஃபாலும் எட்டோமிடேட்டும் இதே ஏற்பியில், சவ்வுக்குள் புதைந்திருக்கும் பகுதியில் செருகிக்கொள்கின்றன. எலியின் மரபணுவில் கைவைத்து, ஓர் இதழின் 265-ஆவது இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அந்த எலிகளிடம் இரண்டு மருந்துகளும் பெரும்பாலும் பலிக்கவில்லை. நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் ஒன்று மாறினால் போதும்.

எல்லா மருந்தும் இந்த ஒரே கதவு வழியாகத்தானா?

இல்லை. கீட்டமின் இருக்கிறதே, அது எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. மூளையை உசுப்பும் குளூட்டமேட் என்ற பொருளுக்கு என்எம்டிஏ என்றொரு வாசல் உண்டு. கீட்டமின் அதை அடைக்கிறது. முதன்முதலில் கீட்டமின் மயக்கத்தைப் பார்க்கும் மாணவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். நோயாளியின் கண் திறந்தே இருக்கும், கருவிழி மெல்ல இங்குமங்கும் ஆடும், மூச்சு ஓடும், ரத்த அழுத்தம் குறைவதற்குப் பதில் ஏறும். ஆனால் எலும்பைச் சரிசெய்தாலும் முகம் சுளிக்க மாட்டார். மின்னலைகள் மந்தமாவதற்குப் பதிலாக இன்னும் வேகமெடுக்கும். தெளிந்தபின் சிலர், உடம்பை விட்டு வெளியே போய் மேலிருந்து பார்த்ததாகச் சொல்வார்கள். 1962-ல் உருவான இந்த மருந்தின் நெருங்கிய உறவான எஸ்கீட்டமின், மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக 2019-ல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு அனுமதி பெற்றது. சிரிப்பு வாயு என்கிற நைட்ரஸ் ஆக்சைடுக்கும் செனான் வாயுவுக்கும் இதே வாசல்தான் பிரதானம்.

டெக்ஸ்மெடிடோமிடின் மூன்றாவது ரகம். மூளைத்தண்டில் விழிப்பைத் தாங்கும் ஒரு சிறு செல் கூட்டம் உண்டு. அது நார்அட்ரினலின் அனுப்புவதை இந்த மருந்து நிறுத்திவிடும். உண்மையான தூக்கத்துக்கு மிக அருகில் வரும் மருந்து இதுதான். ஐசியுவில் இதில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார், விட்டுவிட்டால் மறுபடி போய்விடுவார்.

அந்த வெள்ளை ஊசி அரை நிமிடத்தில் ஆளை எப்படிச் சாய்க்கிறது?

பால் மாதிரி இருப்பது புரோபோஃபால். அது தண்ணீரில் கரையாது. அதனால் சோயா எண்ணெயிலும் முட்டையிலிருந்து எடுத்த லெசித்தினிலும் கலக்கியிருக்கிறார்கள், அந்த வெண்மை அதனால்தான். ஏறும்போது கை நரம்பில் சுரீரென்று எரியும். ஊசி தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னால் ஐந்தைத் தாண்டுபவர்கள் குறைவு. கையிலிருந்து இதயம், அங்கிருந்து மூளை, இந்த ஒரு சுற்றுதான் அதற்குத் தேவை. ஒரு கொட்டாவி வரும். பார்வை ஒரு பக்கமாக நழுவும். இமை முடியை விரலால் லேசாக வருடிப் பார்ப்போம். இமைக்கவில்லை என்றால் மயங்கிவிட்டார். அடுத்த சில விநாடிகளில் பெரும்பாலும் மூச்சும் நிற்கும், அதற்குள் முகமூடி என் கையில் தயாராக இருக்கும். இந்த முப்பது விநாடிக்காகத்தான் எனக்குச் சம்பளம் என்று சில நாள் தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரு டோஸ் மட்டும் கொடுத்தால் ஐந்து பத்து நிமிடத்தில் கண் விழித்துவிடுவார். ஈரல் அதற்குள் மருந்தைச் சிதைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூளை உடம்பு எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான், ஆனால் ரத்தத்தில் தன் எடைக்கு மிஞ்சிய பங்கை வாங்கிக்கொள்ளும்; அதனால் மருந்து முதலில் அங்கே போய்க் குவிகிறது. பிறகு ரத்தம் அதைத் தசைக்கும் கொழுப்புக்கும் பங்கிட, மூளையில் அளவு சரிகிறது. அதனால்தான் நீண்ட அறுவையில் மருந்தைத் தொடர்ந்து சொட்டு சொட்டாகவோ, வாயுவாகவோ கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

சரி, ஒரு கதவு திறப்பதற்கும் "நான்" என்ற உணர்வே காணாமல் போவதற்கும் என்ன தொடர்பு?

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் சுவையான கேள்வி.

மயக்கத்தில் மூளை அணைந்து கிடக்கவில்லை. காதருகே ஒலி எழுப்பினால் ஒலியை வாங்கும் பகுதி அப்போதும் பதில் கொடுக்கிறது. செய்தி வந்து சேர்கிறது; அதை எடுத்து மேலே பேசுவதற்குத்தான் யாரும் இல்லை. புரோபோஃபால் ஏறியதும் விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவான மிக மெதுவான அலை ஒன்று மூளை முழுக்கப் பரவுகிறது. அந்த அலையின் ஒரு குறுகிய கட்டத்தில் மட்டுமே செல்களால் துடிக்க முடியும், மற்ற நேரம் அமைதி. அந்தக் கட்டம் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு நேரத்தில் வருகிறது. இவர் பேசும்போது அவர் வாய்மூடியிருப்பார், அவர் பேச வரும்போது இவர் போயிருப்பார். கூடவே மூளையின் நடுவில் செய்திகளைப் பிரித்தனுப்பும் தலாமஸுக்கும், நெற்றிப்பக்கப் புறணி என்ற மூளையின் முன்பக்க மேலடுக்குக்கும் இடையே விநாடிக்கு 8 முதல் 12 வரையிலான ஒரே தாளம் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். ஒரே தாளத்தில் மாட்டிக்கொண்ட வழியில் புதுச் செய்தி போக இடமில்லை.

இதை நேரடியாகத் தட்டிப் பார்க்கவும் முடியும். மண்டைக்கு வெளியே காந்தத் துடிப்பு ஒன்றைக் கொடுத்தால், விழித்திருக்கும் மூளையில் அதன் எதிரொலி பல பகுதிகளுக்கு ஓடி, சிக்கலான கோலம் போட்டுவிட்டு அடங்கும். மிடசோலமோ புரோபோஃபாலோ கொடுத்தபின் அதே துடிப்பு, விழுந்த இடத்திலேயே முனகி நின்றுவிடுகிறது. கீட்டமினில் மட்டும் எதிரொலி விழிப்பு நிலையைப் போலவே சிக்கலாக ஓடுகிறது. கீட்டமின் பெற்றவர்கள்தான் தெளிந்தபின் கனவும் காட்சியும் சொல்பவர்கள். வெளியே பார்த்தால் புரோபோஃபால் பெற்றவரும் கீட்டமின் பெற்றவரும் அசையாமல் கிடப்பார்கள். உள்ளே ஒருவருக்கு உலகம் ஓடிக்கொண்டிருக்கும்.

இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்றால் மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வந்து கூடுவது. மூளையில் நடக்கும் மயக்கம் அதற்கு நேர்மாறு: எழுத்துகள் எல்லாம் இருக்கும், சேர்ந்து சொல்லாக மாட்டா.

"மயக்க மருந்து எப்படி வேலை செய்கிறது என்று டாக்டருக்கே தெரியாது" என்கிறார்களே?

பாதி உண்மை. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியால் மயக்குவதை எல்லோர் முன்னிலும் காட்டினார். அப்போது மூளைச் செல் எப்படி வேலை செய்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. மருந்து முதலில் வந்தது, விளக்கம் பின்னால் ஓடி வந்தது.

1900-ஐ ஒட்டி மேயர், ஓவர்ட்டன் என்ற இருவர் தனித்தனியாக ஒன்றைக் கவனித்தார்கள்: ஆலிவ் எண்ணெயில் எந்த மருந்து நன்றாகக் கரைகிறதோ அதற்கு வீரியமும் அதிகம். அப்படியென்றால் மருந்து செல்லின் கொழுப்புச் சவ்வில் கரைந்து அதைக் குழைத்துவிடுகிறது என்று பல பத்தாண்டுகள் பாடம் நடந்தது. 1984-ல் ஃபிராங்க்ஸ், லீப் என்ற ஆய்வாளர்கள் மின்மினிப்பூச்சிக்கு ஒளி தரும் புரதத்தை எடுத்து, கொழுப்பே இல்லாத கரைசலில் மயக்க மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒளி மங்கியது. நோயாளியை மயக்கத் தேவைப்படும் அதே செறிவில்தான் மங்கியது. அதிலிருந்து தேடல் கொழுப்பை விட்டுப் புரதத்துக்கு மாறியது. கதவு எது என்பது இன்று நன்றாகவே தெரியும். கதவிலிருந்து உணர்வு வரையிலான வழிதான் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது தொட்டாற்சிணுங்கி. 19-ஆம் நூற்றாண்டில் கிளாட் பெர்னார்ட் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் அந்தச் செடியை ஈதர் ஆவியில் வைத்தார். தொட்டார், இலை சுருங்கவில்லை. ஆவி விலகிய பிறகு தொட்டால் பழையபடி சிணுங்கியது. மூளையே இல்லாத ஒன்றுக்கு எப்படி மயக்கம் வந்தது? ஏதோ ஓர் ஏற்பியில் மட்டும் பதிலைத் தேடினால் போதாது என்று அந்தச் செடி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆபரேஷன் நடுவில் விழிப்பு வந்துவிட்டால்?

வருவதுண்டு, மிக அரிதாக. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், தாமாக வந்து "எனக்கு நினைவிருக்கிறது" என்று சொன்னவர்கள் சுமார் 19,000 மயக்கங்களுக்கு ஒருவர். அசையாமல் இருக்கத் தசைத் தளர்ச்சி மருந்தும் கொடுத்தவர்களில் அது சுமார் 8,000-க்கு ஒன்று; கொடுக்காதவர்களில் 1,36,000-க்கு ஒன்று. குறிப்பாகக் கேள்விகள் கேட்டு விசாரிக்கும் ஆய்வுகளில் எண்ணிக்கை இதைவிட அதிகம் வருகிறது, ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு என்று.

தசைத் தளர்ச்சி மருந்து ஏன் இதில் வருகிறது? அது மூளையைத் தொடுவதே இல்லை. 1942-ல் மான்ட்ரியலில் முதன்முதலாக மயக்கத்தோடு குராரே என்ற தளர்ச்சி மருந்தைச் சேர்த்தபோது, அது கொஞ்சம் உணர்வையும் மங்கச் செய்யுமோ என்ற சந்தேகம் இருந்தது. ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் வேறு எந்த மருந்தும் இல்லாமல் தனக்கே குராரே ஏற்றிக்கொண்டார். விரல் அசையவில்லை, இமை அசையவில்லை, மூச்சைப் பக்கத்திலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். முடிந்ததும் நடந்தது அத்தனையும் ஒப்பித்தார். 1947-ல் அது கட்டுரையாக வந்தது. அசைவின்மை மட்டும் தனியாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அசைய முடியாதவர் தான் விழித்திருப்பதைச் சொல்லவும் முடியாது, ஆபத்து அங்கேதான்.

இன்னொரு விசித்திரம். 1977-லிருந்து ஒரு முறை இருக்கிறது: தளர்ச்சி மருந்து கொடுக்கும் முன் முன்கையில் பட்டை கட்டி, மருந்து அந்தக் கைக்குப் போகாமல் தடுத்துவிடுவார்கள். பிறகு, "கேட்டால் என் விரலை அழுத்துங்கள்" என்பார்கள். சிலர் அழுத்துகிறார்கள்! தெளிந்தபின் கேட்டால் எதுவுமே நினைவில்லை. அந்த நிமிடத்தில் அவர் இருந்தாரா, இல்லையா? எங்கள் துறையில் இதைப் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

மின்னலைகளை 0 முதல் 100 வரையிலான எண்ணாகச் சுருக்கிக் காட்டும் கருவிகள் உண்டு. அதில் 40-க்கும் 60-க்கும் நடுவே வைத்திருப்பது வழக்கம். உதவுகிறது. அந்த எண்ணை மட்டும் நம்பி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

எண்டோஸ்கோபியின்போது நான் டாக்டரோடு பேசினேனாம். எனக்கு ஞாபகமே இல்லையே?

மிடசோலம் கொடுத்திருப்பார்கள். செடேஷன் என்பது இதுதான். ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி புது நினைவைப் பதிவதை அது நிறுத்திவிடும். நினைவு போன அளவுக்கு உணர்வு போயிருக்காது. பேசுவீர்கள், திரும்பிப் படுக்கச் சொன்னால் படுப்பீர்கள், "முடிஞ்சுதா?" என்று நான்கு முறை கேட்பீர்கள், நான்கு முறையும் முதல் முறை போலவே. ஊசிக்கு முன் நடந்தவை பத்திரமாக இருக்கும். பின்னால் நடந்ததுதான் பதிவாகாது.

முதுகில் ஊசி போட்டால் மூளைக்குப் போகுமா?

போகாது. அது நரம்பு இழையின் சோடியம் வாய்க்காலை அடைக்கும் மரத்துப்போகும் மருந்து. செய்தி முதுகருகே வழியிலேயே நின்றுவிடுவதால் மூளைக்குத் தகவலே வராது. பயமாக இருந்தால் கூடவே கொஞ்சம் செடேஷன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தூக்க மாத்திரையும் மயக்க மருந்தும் ஒன்றா?

உறவுக்காரர்கள். அல்பிரசோலம், டயசிபாம் மாத்திரைகள் மிடசோலம் உட்காரும் அதே இடுக்கில்தான் உட்காருகின்றன. ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையும் அங்கேதான். பெண்களின் உடம்பில் ஜோல்பிடெம் மெதுவாக வெளியேறி, காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சமிருந்ததால், 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவர்களுக்கான அளவைப் பாதியாக்கியது. சளி மாத்திரை, இருமல் மருந்து சாப்பிட்டால் வரும் தூக்கம் வேறு வழி: மூளையை விழிக்க வைக்கும் ஹிஸ்டமினை அவை தடுக்கின்றன. 2014-ல் வந்த சுவோரெக்சன்ட், விழிப்பைத் தூண்டும் ஓரெக்சினைத் தடுப்பது.

மாதக்கணக்கில் தினமும் அல்பிரசோலம் எடுப்பவர்கள் "இன்றோடு விட்டேன்" என்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. மூளை இத்தனை நாளும் அந்தக் கூடுதல் பிரேக்குக்கு ஏற்றபடி தன்னை மாற்றி வைத்திருக்கும். சட்டென்று எடுத்தால் வலிப்பே வரலாம். படிப்படியாகக் குறைக்க மருத்துவர் அட்டவணை போட்டுத் தருவார்.

குடிப்பவர்களுக்கு மயக்க மருந்து ஏறாது என்பது உண்மையா?

நெடுநாள் தினமும் குடிப்பவருக்கு அதிக அளவு தேவைப்படலாம், அது சரி. மதுவும் காபா கதவில்தான் வேலை செய்கிறது. மூளை காபாவைத் தளர்த்தி, குளூட்டமேட்டைக் கூட்டிச் சமன் செய்துவைத்திருக்கும். அன்றைக்குக் குடித்துவிட்டு வந்தவருக்கு நேர்மாறு, குறைவான அளவே ஆபத்தாகும். கஞ்சா பழக்கமும் மருந்தின் அளவை மாற்றும். வீட்டார் முன்னால் சொல்லத் தயக்கமாக இருந்தால், "தனியா ஒரு நிமிஷம்" என்று கேளுங்கள். எங்களுக்குத் தேவை எண்ணிக்கைதான், உபதேசம் செய்ய நேரமும் கிடையாது.

இத்தனை கருவிகளும் பக்கத்திலேயே ஒரு ஆளும் எதற்கு?

மூச்சுக்காக. மூச்சின் தாளத்தைப் போடும் செல்கள் மூளைத்தண்டில் இருக்கின்றன. அவற்றுக்கும் காபா, ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து) ஏற்பிகள் உண்டு. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் வழக்கமாக வரும் "மூச்சு விடு" என்ற நெருக்கடி, மருந்தில் மங்கிவிடுகிறது. தவிப்பே இல்லாமல் மூச்சு நிற்கும், அதுதான் பயங்கரம். 2009-ல் மைக்கேல் ஜாக்சன் இறந்தது புரோபோஃபாலால். தூக்கத்துக்காக வீட்டில், தியேட்டரில் இருக்கும் அளவுக்குக் கண்காணிப்பு இல்லாமல் அதை ஏற்றியிருந்தார்கள், கூடவே டயசிபாம் குடும்ப மருந்துகளும். வலிக்கான ஓபியாய்டு மாத்திரை, தூக்க மாத்திரை, மது மூன்றில் இரண்டு சேர்ந்தாலே இதே ஆபத்து வீட்டுக் கட்டிலிலும் உண்டு.

உண்மையைச் சொல்ல வைக்கும் ஊசி இருக்கிறதாமே?

இல்லை. தயோபென்டோன் போன்ற பார்பிட்டுரேட்டைக் குறைந்த அளவில் கொடுத்தால் கூச்சம் விட்டுப்போய் வாய் ஓயாது, அது மட்டும் உண்மை. சொல்வதில் கற்பனையும் கேட்பவர் எடுத்துக்கொடுத்ததும் கலந்திருக்கும். போதையில் இருப்பவர் சொல்வதையெல்லாம் சத்தியம் என்று எடுத்துக்கொள்வோமா?

எப்படித் தெளிகிறது? தெளிய வைக்க ஊசி உண்டா?

மிடசோலத்துக்கு ஃப்ளூமசெனில் உண்டு. ஓபியாய்டுக்கு நலோக்சோன். ரோக்குரோனியம் என்ற தளர்ச்சி மருந்தைச் சுகாமடெக்ஸ் வளைத்துப் பிடித்து உள்ளே அடைத்துக்கொள்ளும். புரோபோஃபாலுக்கும் வாயு மருந்துகளுக்கும் மாற்று கிடையாது; நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். வாயு மருந்து பெரும்பாலும் வந்த வழியே மூச்சோடு வெளியேறும்.

திரும்பி வருவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் மூச்சு, விழுங்குதல், இருமல் என்று மூளைத்தண்டின் வேலைகள். அப்புறம் பெயர் சொன்னால் கண் திறப்பது. கடைசியாகத்தான் நினைவு பதியத் தொடங்கும். ஈயிலும் எலியிலும் பார்த்தால், மயங்குவதற்குத் தேவைப்பட்ட செறிவைவிடக் குறைந்த செறிவுக்கு இறங்கினால்தான் விழிக்கின்றன. மூளை இருக்கும் நிலையிலேயே கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கப் பார்க்கிறது. குழந்தைகள் சிலர் செவோஃப்ளூரேன் என்ற வாயு மருந்திலிருந்து எழும்போது அம்மாவையே அடையாளம் தெரியாமல் கத்திப் புரளுவார்கள். பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறும். அரை மணிக்குள் அடங்கிவிடும், குழந்தைக்கு அது நினைவிலும் இருக்காது.

குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்குமா?

குஞ்சு எலி, குட்டிக் குரங்கு ஆய்வுகளில் நீண்ட நேர மயக்கம் நரம்புச் செல்களை அழித்தது. அந்தப் பயத்தில் 2016-ல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட அல்லது பலமுறை நடக்கும் மயக்கங்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. குழந்தைகளிடமே நடத்தி 2019-ல் முடிவு வந்த ஆய்வு ஆறுதலானது: குடலிறக்க அறுவைக்காக ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக மயக்கம் பெற்ற கைக்குழந்தைகளுக்கும், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டவர்களுக்கும், ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. தேவையான ஒரு சின்ன அறுவையைப் பயத்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா சம்பந்தமில்லாமல் பேசுகிறார். மயக்க மருந்தாலா?

முதியவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வருவது. ராத்திரியில் கூடும், காலையில் தெளிந்த மாதிரி இருக்கும், மறுபடி வரும். பழியை முழுக்க மயக்க மருந்தின் மேல் போட முடியாது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் முழு மயக்கத்தையும் முதுகு ஊசியையும் ஒப்பிட்டு 2021-ல் வந்த பெரிய ஆய்வில் குழப்பம் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இருந்தது. அறுவையின் அழற்சி, வலி, கெட்டுப்போன தூக்கம், காய்ச்சல், புது இடம் எல்லாம் சேர்ந்த விளைவு. வயது ஏற ஏற மருந்தின் தேவையும் குறையும், வாயு மருந்தில் பத்தாண்டுக்குச் சுமார் 6 சதவீதம் வீதம். அதனால் அளவைக் குறைத்தே கொடுக்கிறோம்.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் முதல் வேலையாக மாட்டிவிடுங்கள். பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு. தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். "தூங்கட்டும்" என்று வீட்டிலிருந்த அல்பிரசோலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அது குழப்பத்தைக் கூட்டும்.

வெறும் வயிறு ஏன்?

மயக்கத்தில் விழுங்குதலும் இருமலும் போய்விடும். வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குள் இறங்கும். பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி. எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைட் வகை ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அன்றைக்கே வண்டி ஓட்டலாமா?

24 மணி நேரம் வேண்டாம். தெளிந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றுவதற்கும் உண்மையிலேயே தெளிவதற்கும் இடையே சில மணி நேரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் நன்றாக நடப்பீர்கள், நன்றாகப் பேசுவீர்கள். பிரேக் மிதிக்கக் கால் கொஞ்சம் தாமதமாகப் போகும், அது உங்களுக்குத் தெரியாது. பத்திரத்தில் கையெழுத்து, போனில் பணம் அனுப்புவது எல்லாம் மறுநாள். அறுவை டாக்டர் வந்து சொல்வதைக் கேட்டுக்கொள்ள இன்னொருவர் கூட இருக்கட்டும். நீங்கள் தலையாட்டிக் கேட்பீர்கள், சந்தேகம்கூடக் கேட்பீர்கள், சாயங்காலம் "டாக்டர் வந்து பார்க்கவே இல்லை" என்பீர்கள்.